ஏழாம் வரிசைக் கொடிகள்

ஐதராபாத்
2 செப்டம்பர் 2024

நங்கைக்கு,

பிரவீனா எழுதுகிறேன். அண்ணன் மனைவியை நம் ஊர் வழக்கப்படி நங்கை என்று கூப்பிட எனக்கு இன்னும் உரிமை இருக்கிறதா, தெரியவில்லை. கவரின் மேல் என் பெயரைப் பார்த்த பிறகும் பிரித்திருக்கிறீர்கள் என்றால், முழுவதையும் படித்துவிடுங்கள். என் நம்பரை நீங்கள் தடுத்து வைத்து இரண்டு வருடம் ஆகப்போகிறது. கடைசியாகப் பேசிய மூன்று முறையும் சண்டையில்தான் முடிந்தது. எழுதினால் இருவரும் கொஞ்சம் யோசித்துப் பேசுவோம் என்று தோன்றியது.

போன மாதம் மும்பைக்குப் போன நம் வெற்றிலை லோடு, இலையில் அடித்த மருந்தின் மிச்சம் இருக்கிறது என்று திரும்பி வந்துவிட்டதாக அண்ணன் சத்தீஸ்கரிலிருந்து போனில் சொன்னான். அதனால்தான் எழுதுகிறேன்.

எங்கள் ஆய்வகத்தில் நான்கு வருடமாக ஒரு தெளிப்பைச் செய்துகொண்டிருக்கிறோம். அது விஷம் இல்லை. ஒவ்வொரு உயிருக்குள்ளும், இன்ன புரதத்தைச் செய் என்று மரபணுவிலிருந்து ஒரு செய்தி போகும். அந்தச் செய்திதான் ஆர்என்ஏ. இலையழுகலைக் கொண்டுவரும் பூசணத்துக்கு இலைக்குள் நுழைய ஒரு புரதம் வேண்டும். அந்தப் புரதத்தைச் செய்யச் சொல்லும் செய்திக்கு ஒத்த ஆர்என்ஏ துணுக்கை இலைமேல் தெளித்து வைத்தால், பூசணம் அதை உறிஞ்சிக்கொண்டு குழம்பிப்போய், தன்னுடைய செய்தியைத் தானே வெட்டிப் போட்டுவிடும். அந்த மரபணு ஊமையாகிவிடும். வெற்றிலைக் கொடியின் மரபணுவில் நாங்கள் கை வைப்பதில்லை. சில வாரத்தில் தெளிப்பும் தானே கரைந்துவிடும்.

கண்ணாடிக் கூடத்தில் நன்றாக வேலை செய்தது. வெயிலும் மழையும் அடிக்கிற வெற்றிலைக் கொடிக்காலில் என்ன செய்யும் என்று தெரியாது. தோட்டத்தில் சோதிக்க அனுமதி வாங்கியிருக்கிறோம். பன்னிரண்டு வரிசை வேண்டும். வேறு யாரிடம் வேண்டுமானாலும் கேட்டிருக்கலாம். உங்களிடம்தான் கேட்கத் தோன்றியது.

பிரவீனா

—

பாண்டமங்கலம்
14 செப்டம்பர் 2024

பிரவீனாவுக்கு,

கடிதம் வந்தது. இரண்டு முறை படித்தேன்.

நீ சொல்லி ஒருமுறை நான் கேட்டேன். வழக்கமாக அடிக்கிற மயில்துத்தக் கலவையை விட்டுவிட்டு, நோய்ப் பூசணத்தைத் தின்றுவிடும் என்று நீ அனுப்பின நல்ல பூசணப் பொடியைப் போட்டேன். அரை ஏக்கர் கொடி பத்தே நாளில் அழுகிக் கீழே விழுந்தது. உன் அண்ணன் போர்வெல் போடுகிற ரிக் வண்டியில் வடக்கே போனது அதற்குப் பிறகுதான். அதைக்கூட நான் பொறுத்துக்கொண்டிருப்பேன். நாமக்கல் கல்யாணத்தில் சொந்தக்காரர் அத்தனை பேர் முன்னால், "நங்கை நான் சொன்ன அளவுல போட்டிருக்க மாட்டாங்க" என்று சொன்னாய் பார், அதைப் பொறுக்க முடியவில்லை. பந்தியில் பரிமாறிக்கொண்டே கேட்டேன். கையில் ரச வாளி இருந்தது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். லோடு திரும்பியது உண்மை. நம்மிடம் இலை பறிக்கிற மாரக்காளைத் தெரியும்தானே. நாள் முழுக்க வெற்றிலை போடுகிறவள். போன வாரம் நம் தோட்டத்திலேயே கிள்ளிக்கொள்ளச் சொன்னேன். "வேண்டாமுங்க, முந்தாநேத்துத்தான மருந்தடிச்சீங்க. நான் ஊட்டுல இருந்து கொண்டாந்திருக்கறேன்" என்று மடியை அவிழ்த்துக் காட்டினாள். அவள் தின்ன யோசிக்கிற இலையைத்தான் ஊருக்கெல்லாம் அனுப்பிக்கொண்டிருக்கிறேன். அன்றிலிருந்து அது மனதைவிட்டுப் போகவில்லை.

வாய்க்கால் பக்கத்தில் பன்னிரண்டு வரிசை தருகிறேன். ஆனால் தோற்றுப் போனால் தோற்றது என்று சொல்ல வேண்டும். என் தலையில் கட்டக் கூடாது. பார்க்க வருகிறவர்கள் யாராக இருந்தாலும் கொடிக்காலுக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் வர வேண்டும்.

சாந்தாமணி

—

ஐதராபாத்
5 அக்டோபர் 2024

நங்கைக்கு,

ஐஸ் பெட்டியில் கேன்கள் வரும். வந்தவுடன் ஃபிரிட்ஜில் வையுங்கள். வெயில் இறங்கிய பிறகு தெளியுங்கள், சூடு இதற்கு ஆகாது.

சிவப்பு மூடி, நீல மூடி, வெள்ளை மூடி என்று மூன்று வகை. ஒவ்வொன்றும் நான்கு வரிசைக்கு. எந்த வரிசைக்கு எந்த மூடி என்று வரைந்து வைத்திருக்கிறேன். ஒன்றில் ஆர்என்ஏவும், அதை இலையில் ஒட்டவைக்கிற களிமண் துகளும் இருக்கிறது. ஒன்றில் களிமண் மட்டும். மற்றது வெறும் தண்ணீர். எது எது என்று உங்களுக்குச் சொல்ல மாட்டேன். எனக்கும் தெரியாது. எங்கள் தலைவர் பாலசுந்தரம் ஒருவருக்குத்தான் தெரியும். தெரிந்துவிட்டால் நமக்கு வேண்டியதைத்தான் கண் பார்க்கும்.

மூன்று வாரத்துக்கு ஒருமுறை, மொத்தம் மூன்று தெளிப்பு. மிச்சம் இருந்தால் கொட்டிவிடுங்கள். வாரம் ஒருமுறை வரிசைக்குப் பத்து இலை, காகித உறையில் வரிசை எண் எழுதி, கூரியரில் அனுப்புங்கள். கடிதத்தையும் அதே பெட்டியில் வைத்துவிடலாம்.

இன்னொன்று சொல்லச் சங்கடமாக இருக்கிறது. சோதனை முடிகிறவரை அந்தப் பன்னிரண்டு வரிசை இலையை விற்கவோ தின்னவோ கூடாது. குழி வெட்டிப் புதைக்க வேண்டும். திட்டத்திலிருந்து ஈடு தருவார்கள். ஆனாலும் நல்ல இலையை மண்ணில் போடுவது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

கல்யாணத்தில் நான் பேசியதைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அதற்கு ஒரு பதில் இருக்கிறது. இன்னும் எழுத வரவில்லை.

பிரவீனா

—

பாண்டமங்கலம்
28 அக்டோபர் 2024

பிரவீனாவுக்கு,

பத்தாம் தேதி முதல் தெளிப்பு முடிந்தது. நானே தெளித்தேன். முகத்தில் துணி கட்டாமல் மருந்தடிப்பது பல வருடத்துக்குப் பிறகு இப்போதுதான். கண் எரியவில்லை. ஒரு வாசனையும் இல்லை. மாரக்காள் கேனை மோந்து பார்த்துவிட்டு, "ஏனுங்க, பச்சத்தண்ணியில எங்கயாவது நோய் போகுமுங்களா?" என்றாள். "அது பூசணத்தோட காதுல போய் ஏதோ சொல்லுமாம்" என்றேன். "எங்க ஊட்டுக்காரருக்கு ஒரு கேன் வாங்கிக் குடுங்க, சொன்னா கேக்கறதே இல்ல" என்றாள். வரிசைக்குள்ளேயே உட்கார்ந்து சிரித்தோம்.

இருபத்திரண்டாம் தேதியிலிருந்து மழை. வாய்க்காலில் தண்ணீர் கலங்கி ஓடுகிறது.

நேற்று முதல் பறிப்பு. ஒவ்வொரு இலையும் உள்ளங்கை அகலம். அப்படியே குழியில் கொட்டி மண்ணைத் தள்ளினோம். மாரக்காள் திரும்பி நின்றுகொண்டாள். நானும் பார்க்காமல்தான் தள்ளினேன்.

இதுவரை எந்த வரிசையிலும் புள்ளி இல்லை. தினமும் என்ன பார்த்தேன் என்று ஒரு நோட்டில் எழுதி வருகிறேன். நீ கேட்கவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

சாந்தாமணி

—

பாண்டமங்கலம்
18 நவம்பர் 2024

பிரவீனாவுக்கு,

வெள்ளை மூடி வரிசை நான்கிலும் நோய் வந்துவிட்டது. ஏழாம் வரிசைதான் மோசம். முதலில் இலை ஓரத்தில் நீர் கோத்த மாதிரி ஒரு புள்ளி. மறுநாள் அது எட்டணா அளவு. நான்காம் நாள் இலை கறுத்துத் தொங்குகிறது. சிவப்பு மூடியிலும் அங்கங்கே இருக்கிறது. நீல மூடி வரிசைகள் மட்டும் எண்ணெய் தேய்த்த மாதிரி நிற்கின்றன.

எனக்குப் புரிந்துவிட்டது. வெள்ளை மூடிதான் தண்ணீர். நோய் வரட்டும் என்றே நான்கு வரிசைக்குத் தண்ணீரைக் கொடுத்திருக்கிறாய். முன்னாலேயே சொன்னாய், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கடிதத்தில் படிப்பது வேறு, எதிரில் நின்று பார்ப்பது வேறு. ஏழாம் வரிசை முடிகிற இடத்திலேயே என் சொந்தக் கொடிக்கால் தொடங்குகிறது. ஒரு காற்று மழை அடித்தால் போதும்.

மயில்துத்தம் அடிக்கட்டுமா? உடனே பதில் எழுது.

சாந்தாமணி

—

ஐதராபாத்
22 நவம்பர் 2024

நங்கைக்கு,

உங்கள் சொந்தக் கொடிக்காலுக்கு வழக்கமான கலவையை உடனே அடியுங்கள். சோதனை வரிசை மேல் படாமல் நடுவில் படுதா கட்டிக்கொள்ளுங்கள். அதில் யோசிக்கவே வேண்டாம்.

வெள்ளை மூடி வரிசைகளை மட்டும் தயவுசெய்து அப்படியே விட்டுவிடுங்கள். எது தண்ணீர் என்று எனக்கு இப்போதும் தெரியாது. ஆனால் தண்ணீர் தெளித்த வரிசை அழுகவில்லை என்றால், மற்றது நன்றாக இருப்பது தெளிப்பாலா, நோயே வராததாலா என்று யாராலும் சொல்ல முடியாது. அந்த நான்கு வரிசை சாவதால்தான் மற்றதைப் பற்றிப் பேச முடிகிறது. அங்கே நின்று பார்ப்பது நீங்கள். நான் இங்கே உட்கார்ந்து எழுதிவிடுகிறேன். அது எனக்குத் தெரிகிறது.

இன்னும் ஒரு மாதம்தான்.

பிரவீனா

—

ஐதராபாத்
16 டிசம்பர் 2024

நங்கைக்கு,

புயல் மழையில் வாய்க்கால் கரை உடைந்ததாகச் செய்தியில் பார்த்தேன். தோட்டம் எப்படி இருக்கிறது, நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று எழுதுங்கள்.

ஒரு விஷயம் கேட்க வேண்டும். ஏழாம் வரிசையிலிருந்து வந்த கடைசி இரண்டு உறை இலையிலும் அங்கே இருக்கக் கூடாத ஆர்என்ஏ இருக்கிறது என்று பாலசுந்தரம் சார் கண்டுபிடித்தார். 'விவசாயி விதிமுறைகளைப் பின்பற்றவில்லை, இந்த இடத்தை ஆய்விலிருந்து நீக்கலாம்' என்று ஒரு வரி எழுதி, என் கையெழுத்துக்கு அனுப்பினார். அப்படி நீக்கினால் மூன்று மாத வேலையும் போய்விடும். அதைவிட, அந்த வரி எனக்குப் பழக்கமானது. கல்யாணத்தில் நான் சொன்ன அதே வாக்கியம். எழுத்தில் இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

கையெழுத்துப் போடவில்லை. முதலில் என் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன்.

அந்த வருடம் நான் அனுப்பிய பொடி, கோடை முழுக்க, ஐந்து மாதம் என் அறையில் கிடந்த பொடி. நல்ல பூசணம் உயிரோடு இருந்தால்தான் பயன். உங்கள் கொடிக்கால் அழுகிய பிறகு, என்னிடம் மிஞ்சியிருந்த பாக்கெட்டை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்த்தேன். ஒன்றுகூட முளைக்கவில்லை. அத்தனையும் செத்திருந்தது. நீங்கள் எந்த அளவில் போட்டிருந்தாலும் அது வேலை செய்திருக்காது.

இது எனக்குக் கல்யாணத்துக்கு ஒன்பது நாள் முன்பே தெரியும். தெரிந்துதான் அப்படிப் பேசினேன். பெரியப்பா, "படிச்ச பிள்ளை சொல்லி இப்படி ஆகிப்போச்சே" என்றார். அந்த ஒரு நிமிடம் என்னைக் காப்பாற்றிக்கொள்ள உங்களைத் தள்ளிவிட்டேன். பிறகு ஒவ்வொரு மாதமும் சொல்லலாம் என்று நினைத்தேன். தள்ளிப்போடப் போடச் சொல்வது இன்னும் கடினமாகிவிட்டது.

மன்னித்துவிடுங்கள் என்று எழுதவே கூச்சமாக இருக்கிறது. ஏழாம் வரிசையில் நடந்தது எதுவானாலும் எழுதுங்கள். நீங்கள் எழுதுவதை அப்படியே அறிக்கையில் சேர்ப்பேன்.

பிரவீனா

—

பாண்டமங்கலம்
16 டிசம்பர் 2024

பிரவீனாவுக்கு,

நீ கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். ஏழாம் வரிசையில் நான் கை வைத்துவிட்டேன்.

மூன்றாம் தெளிப்பில் நீல மூடி கேனில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. கொட்டச் சொன்னாய். கொட்ட மனசு வராமல் ஃபிரிட்ஜில் மோர்ச் சொம்புக்குப் பக்கத்தில் வைத்தேன். நவம்பர் இருபத்தெட்டாம் தேதி சாயங்காலம் ஏழாம் வரிசைக்குப் போனேன். அகத்தி மரத்தைப் பிடித்து ஏறின கொடி பாதிக்கு மேல் மொட்டையாக நின்றது. மற்ற மூன்று வெள்ளை வரிசையைப் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டேன். அந்த ஒரு வரிசையை முடியவில்லை. இரண்டு வருடத்துக்கு முன்னால் முதலில் செத்ததும் அதே இடம்தான். மிச்சத்தை எடுத்து வந்து அதன்மேல் தெளித்துவிட்டேன்.

மாரக்காள் பார்த்துவிட்டாள். "ஐதராபாத் அம்மிணி திட்டமாட்டாங்களா?" என்றாள். "அவளுக்கு எப்படித் தெரியும்?" என்றேன். சொல்லி வாய் மூடவில்லை, எனக்கே அசிங்கமாகிவிட்டது. நீ என்மேல் பழி போட்டாய் என்று இத்தனை நாள் கோபமாக இருந்தேன். இந்த முறை நிஜமாகவே நான்தான் சொன்னபடி செய்யவில்லை.

தெளித்ததால் அந்த வரிசை பிழைக்கவும் இல்லை. புள்ளி வந்த இலை வந்த மாதிரியேதான் அழுகியது.

இந்த மாதம் ஒன்றாம் தேதியிலிருந்து மூன்று நாள் புயல் மழை. வரப்பு உடைந்து தண்ணீர் முழங்கால் அளவு நின்றது. நானும் மாரக்காளும் மண்வெட்டியோடு வடிகால் வெட்டினோம். நீல மூடி வரிசைகள் அதிலும் தாக்குப் பிடித்தன. ஆனால் ஏழாம் தேதி இரண்டாம் வரிசையில் ஒரு புள்ளி. தெளித்துப் பதினாறாம் நாள். அதிலிருந்து தினமும் ஏறுகிறது. நான் எழுதி வைத்த நோட்டையும் இந்தப் பெட்டியில் வைத்திருக்கிறேன். ஏழாம் வரிசையில் நான் செய்ததும் அதில் தேதி போட்டு இருக்கிறது. மறைக்கவில்லை.

உனக்கு வேலைக்கு ஏதாவது பிரச்சினை வருமா? அதை மட்டும் முதலில் எழுது.

சாந்தாமணி

—

ஐதராபாத்
8 ஜனவரி 2025

நங்கைக்கு,

நம் கடிதங்கள் இரண்டும் ஒரே நாளில் எழுதப்பட்டு, வழியில் ஒன்றையொன்று தாண்டிப் போயிருக்கின்றன. உங்கள் பெட்டி வந்த அன்று, என் கடிதத்தைப் படித்துவிட்டுப் பதிலே வராது என்றுதான் இருந்தேன். பிரித்துப் பார்த்தால் நீங்கள் என் வேலையைப் பற்றிக் கவலைப்பட்டு எழுதியிருக்கிறீர்கள். ஆய்வகத்தில் உட்கார்ந்து படிக்க முடியவில்லை. வெளியே போய்ப் படித்தேன்.

வேலைக்கு ஒன்றும் ஆகவில்லை. உங்கள் நோட்டை பாலசுந்தரம் சாரிடம் கொடுத்தேன். இரண்டு மணி நேரம் படித்தார். "தப்புப் பண்ணின தேதியை இவ்வளவு சுத்தமா எழுதி வைக்கிறவங்க, மத்ததைத் தப்பா எழுதியிருக்க மாட்டாங்க" என்றார். ஏழாம் வரிசையையும் அதன் இரண்டு பக்கத்து வரிசையையும் கணக்கிலிருந்து எடுத்துவிட்டார். மற்ற ஒன்பதும் ஆய்வில் இருக்கின்றன. தான் எழுதிய வரியைத் தானே அடித்துவிட்டார்.

போன திங்கட்கிழமை எது எது என்று திறந்து சொன்னார். வெள்ளை தண்ணீர். சிவப்பு வெறும் களிமண். நீலம்தான் ஆர்என்ஏ. புயலுக்கு முன் வெள்ளையில் நூற்றுக்கு அறுபத்தொரு இலை அழுகியிருந்தது. நீலத்தில் பதினேழு. ஆனால் மழை ஓய்ந்த பிறகு நீலத்திலும் நாற்பதைத் தாண்டிவிட்டது. பாதி வெற்றி என்று சொல்லலாம். கனமழையில் பாதுகாப்பு பதினாறு நாளில் உடைகிறது என்பது உங்கள் நோட்டால்தான் தெரிந்தது. நாங்கள் வாரம் ஒருமுறைதான் இலை பார்த்தோம், நீங்கள் தினமும் பார்த்தீர்கள். இனி இலையில் இன்னும் நாள் ஒட்டியிருக்கிற மாதிரி களிமண்ணை மாற்ற வேண்டும்.

வந்த நோயை இது தீர்க்காது என்பதற்கு ஏழாம் வரிசை ஒரு அடையாளம். ஒரு வரிசையை வைத்து முடிவு சொல்ல முடியாது. அதையும் தனியாகச் சோதிக்கப் போகிறோம்.

செத்த பொடியைப் பற்றி நான் எழுதியதற்கு நீங்கள் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. அவசரம் இல்லை. பெரியப்பாவுக்கு மட்டும் நானே போன் செய்து சொல்லிவிட்டேன். கல்யாணத்தில் அன்று பக்கத்தில் இருந்த மற்றவர்களுக்கும் சொல்லி வருகிறேன்.

பிரவீனா

—

பாண்டமங்கலம்
9 பிப்ரவரி 2025

பிரவீனா கண்ணுக்கு,

உடனே பதில் எழுதவில்லை. எழுத முடியவில்லை. பொடி செத்தது என்று தெரிந்தும் நீ அப்படிப் பேசினாய் என்பது, அரை ஏக்கர் அழுகியதைவிடக் கஷ்டமாக இருந்தது.

பொங்கலுக்கு உன் அண்ணன் வந்தார். உன் கடிதத்தைக் கொடுத்தேன். படித்துவிட்டு மடித்து என்னிடமே கொடுத்தார். "இதை அப்பவே சொல்லியிருந்தா நான் ரிக்குக்குப் போயிருப்பனா?" என்றார். "போயிருப்பீங்க. ஆனா நான் தப்புப் பண்ணிட்டேன்னு நினைச்சுக்கிட்டுப் போயிருக்க மாட்டீங்க" என்றேன். மறுநாள் காலையில் எனக்கு முன்னால் எழுந்து, உடைந்த வரப்பையெல்லாம் ஒற்றை ஆளாகக் கட்டி முடித்தார். மாசி பிறந்ததும் திரும்ப வடக்கே போகிறார்.

கோபம் முழுக்கப் போய்விட்டது என்று எழுத மாட்டேன். ஆனால் பெரியப்பா போன வாரம் வீட்டுக்கே வந்து, "தெரியாமப் பேசிப்புட்டோம் சாமி" என்றார். அவர் வயதுக்கு அதைச் சொல்ல வேண்டியதே இல்லை. நீ போன் செய்ததால்தான் வந்தார். அன்று இரண்டு வருடத்துக்குப் பிறகு ஒரு பாரம் இறங்கியது.

நேற்று இங்கே கொடிக்கால் விவசாயிகள் கூட்டம். புது மருந்து பற்றிச் சொல்லச் சொன்னார்கள். மைக் முன்னால் நின்றது இதுதான் முதல்முறை. நோய் வருவதற்கு முன்னால் அடித்தால் காப்பாற்றுகிறது, அழுகின பிறகு அடித்து என் தோட்டத்தில் பயனில்லை, பெருமழைக்குப் பதினாறு நாள்தான் தாங்கியது, இன்னும் கடைக்கு வரவில்லை, சோதனையில்தான் இருக்கிறது என்று சொன்னேன். பொத்தனூர்க்காரர் ஒருவர் எழுந்து, "உங்க ஊட்டுக்காரரு தங்கச்சி பண்ணின மருந்து, நீங்க நல்லாத்தான சொல்லுவீங்க?" என்றார். "நல்லதை மட்டுமா சொன்னேன்? எது ஆகலைன்னும் நான்தானுங்க சொன்னேன். அவ எங்கிட்ட அப்படித்தான் சொன்னா, நானும் உங்ககிட்ட அப்படியே சொல்றேன்" என்றேன். உட்கார்ந்துவிட்டார். கூட்டம் முடிந்து ஆறு பேர் வந்து, அடுத்த சோதனைக்கு வரிசை தருகிறோம் என்று பெயர் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். பட்டியலை இதோடு வைத்திருக்கிறேன்.

முதல் பெயர் என்னுடையது. இந்த முறை இருபது வரிசை. ஆனால் எந்த நாளில் தெளிப்பது என்று வானத்தைப் பார்த்து நான் சொல்வேன், நீங்கள் அதற்கு ஏற்றமாதிரி திட்டம் போட்டுக்கொள்ளுங்கள். பாலசுந்தரம் சாரிடம் கேட்டுச் சொல்.

அடுத்த வாரம் ஏழாம் வரிசையைத் தோண்டி எடுத்துவிட்டுப் புதுக்கொடி நடுகிறோம். மாரக்காளும் நானும் மட்டும்தான். ஆள் கிடைக்கவில்லை. சனி ஞாயிறு லீவுதானே உனக்கு. வந்துவிடு. நல்ல துணி உடுத்திக்கொண்டு வராதே, முழுக்கச் சேறு.

நங்கை
சாந்தாமணி